பிள்ளை ஓர் அமானிதம்: பிரிந்த பெற்றோருக்கு ஒரு பாடம்



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டது ஹஜரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு சம்பவம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தொகுத்த ‘முவத்தா’வில் இது காணப்படுகிறது.

உமர் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் மூலம் ஆஸிம் என்னும் மகன் பிறந்தார். பின்னர் தாயும் தந்தையும் பிரிந்தனர். ஒரு நாள் உமர் (ரலி) அவர்கள் குபாவுக்குச் சென்றபோது, பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருக்கக் கண்டார்கள். உடனே அவரைக் கைபிடித்துத் தூக்கி, தம் வாகனத்தின் மேல் தமக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டியார் வந்து தடுத்தார். வழக்கு கலீபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்றது. இரு தரப்பாரும் ‘என் பிள்ளை’ என்றே வாதாடினர். பிள்ளையை அப்பெண்மணியிடமே விட்டுவிடும்படி கலீபா அவர்கள் தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுவார்த்தை ஒன்றும் பேசவில்லை.

எவருக்கும் அஞ்சாத உமர் (ரலி) அவர்கள் மகன் விஷயத்தில் மௌனம் சாதித்தார்களே, இது தோல்வியா? இல்லை, சகோதரர்களே. அந்த ஆஸிம் (ரஹ்) அவர்களுடைய மகளின் வயிற்றில் பிறந்தவர்களே நீதிக்குப் பேர்போன உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் என்பதை நினைவிற் கொள்வோமாக.

நிற்க. அண்மையில் நம் செவிக்கு எட்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். தலாக்கான தம்பதிகள், மூன்று வயது ஆண் பிள்ளை. உம்மா இருப்பது ஜார்ஜ் டவுனில், வாப்பா இருப்பது பட்டர்வொர்த்தில். சனிக்கிழமைதோறும் வாப்பா வந்து பிள்ளையை அழைத்துச் செல்வார். 1985-ல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தைக் கடந்துதான் செல்ல வேண்டும். காரில் குழந்தை இருக்கை இல்லை. “நான் என் வாப்பா மடியில் உட்கார்ந்துதான் வளர்ந்தேன். இவன் நன்னி மடியில் இருப்பான். அல்லாஹ் காப்பாற்றுவான்” என்பது அவர் வாதம். “இருக்கை இல்லாவிட்டால் பிள்ளை இல்லை” என்று உம்மா கதவைச் சாத்தினார். இரண்டு சனிக்கிழமை, துணிப்பையுடன் அஞ்சடியில் நின்ற பிள்ளை அழுதுகொண்டே உள்ளே போயிற்று.

இதில் யார் சரி? விஷயத்தில் உம்மா சரி. நடந்துகொண்ட முறையில் இருவருமே பிழை.

அல்லாஹ் காப்பாற்றுவான் என்பது மெய். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டுவதா, கட்டாமல் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வருகிறதே! ஒட்டகத்திற்கே கயிறு வேண்டுமென்றால், ஈன்ற பிள்ளைக்கு வேண்டாமா?

மடி என்பது பாசத்திற்கு நல்ல இடம். விபத்திற்கு ஆகாத இடம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை அக்கணத்தில் சுமார் 300 கிலோ பாரம் போல் முன்னே பாயும். எந்த நன்னியின் கை அதைத் தாங்கும்? பெரியவர்களுக்கான வார்ப்பட்டையும் குள்ளமான பிள்ளைக்குப் பொருந்தாது; அது கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும். தக்க இருக்கை, குழந்தைகளின் விபத்து மரணங்களைக் குறைந்தது 60 விழுக்காடு குறைக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. முன் ஆசனத்தில் வார்ப்பட்டை 1979-லும், பின் ஆசனத்தில் 2009-லும் கட்டாயமாயின. தனியார் கார்களில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று.

இனி உம்மாவின் பிழைக்கு வருவோம். பினாங்கு மாநிலத்தின் 2004-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, சிறு பிள்ளையை வளர்க்கும் ஹளானத் உரிமையில் தாய்க்கே முதலிடம். ஆண் பிள்ளைக்கு 7 வயது வரை, பெண் பிள்ளைக்கு 9 வயது வரை அவ்வுரிமை நீடிக்கும். ஆனால் தகப்பனாரே பிள்ளையின் வலீ. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோர்ட்டார் பார்ப்பது பிள்ளையின் நலனையே. வாப்பாவின் முகம் பார்ப்பதும் அந்த நலனில் அடங்கும். பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கோ தந்தைக்கோ தீங்கு நேரலாகாது என்பதும், பால்குடி மறக்கடிப்பதைக்கூட இருவரும் மனமொத்து ஆலோசித்தே செய்ய வேண்டும் என்பதும் சூரத்துல் பகராவின் 233-ஆம் ஆயத்திலிருந்து நாம் பெறும் போதனையாகும். பால்குடிக்கே ஆலோசனை வேண்டுமெனில், உயிர்காக்கும் காரியத்திற்குச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே, பிரிந்து வாழும் பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பிள்ளை எந்தக் காரில் ஏறினாலும் இருக்கை இருக்க வேண்டும். இரண்டு கார்களானால் இரண்டு இருக்கை நலம். இயலாவிட்டால் துணிப்பையோடு இருக்கையும் கைமாறட்டும். பிள்ளையின் நபகா தகப்பன் மீது கடமையாதலால், இச்செலவையும் அவர் மனமுவந்து ஏற்பதே அழகு.

2. இருக்கை பிள்ளையின் எடைக்கும் உயரத்திற்கும் பொருந்த வேண்டும். கைக்குழந்தை காரின் பின்புறம் நோக்கி அமர வேண்டும். அவ்வாறு அமரும் இருக்கையை, காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் ஒருபோதும் வைக்கலாகாது. விபத்தில் அடிபட்ட பழைய இருக்கையை மலிவு என்று வாங்காதீர்கள்.

3. பிள்ளையை ஒப்படைக்கும் வாசலில் தர்க்கம் வேண்டா. முன்கூட்டியே பேசுங்கள். பேச்சு முற்றினால் பெரியவர்களிடமோ, ஷரீஅத் கோர்ட்டின் சுல்ஹ் சபையிலோ சொல்லித் தீர்த்து, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்சொன்ன தம்பதிகளுக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரே வழி காட்டினார். இருவரையும் உட்கார வைத்து அவர் கேட்டது ஒரே கேள்வி: “நாளை இவனுக்கு ஒன்று நேர்ந்தால், என் பேச்சுத்தான் ஜெயித்தது என்று உங்களில் யார் சொல்லப்போகிறீர்கள்?” இருவரும் தலை குனிந்தனர். அடுத்த சனிக்கிழமை வாப்பாவின் காரில் பின் ஆசனத்தில் புது இருக்கை பொருத்தப்பட்டிருந்தது. உம்மா அதை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, ஸலாம் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவைத்தார்.

நிக்காஹ் முறிந்துபோகலாம், அமானிதம் முறிவதில்லை. நம் சந்ததிகளைப் பாதுகாக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.