லட்ச ரூபாய் ரெகுலேட்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ராமேஸ்வரம் போய்க் கடலைப் பார்க்கவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும், அவர்களில் சிலர் புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆசை சொந்தமாக ஒரு ரெகுலேட்டர். ஸ்கூபாப்ரோ, ஏபெக்ஸ், அட்டாமிக் என்று தேட ஆரம்பித்தால் விலை லட்ச ரூபாயைத் தாண்டியும் போகும். கூடவே ஆளுக்கொரு கதையும் வரும்.

முதலில் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். சிலிண்டர் வாயில் பொருத்தும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜ், நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் காற்று விடும். போர்க்கால பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் காரை எரிவாயுவில் ஓட்டச் செய்த ஒரு வால்வை வைத்து, 1943-இல் எமில் கான்யானும் ழாக் குஸ்தோவும் இதற்கு வழி கண்டார்கள். அடிப்படை இன்றும் அதேதான்.

நம்பிக்கை: விலை கூடிய ரெகுலேட்டர் காற்றை மிச்சப்படுத்தும்.

உண்மை: காற்றைச் செலவழிப்பது நுரையீரலும் ஆழமும்தான். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 20 மீட்டரில் 3 பார். மேலே ஒரு மூச்சுக்கு ஆகும் காற்றைப்போல 20 மீட்டரில் மூன்று மடங்கு ஆகும், கருவி எதுவானாலும். செகண்ட் ஸ்டேஜில் உள்ள திருகை இறுக்கினால் காற்று மிச்சம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் திருகு வால்வைத் திறக்க எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். இறுக்கிவிட்டால் சிரமப்பட்டு இழுப்பீர்கள், சீக்கிரம் களைப்பீர்கள், செலவு கூடத்தான் செய்யும்.

நம்பிக்கை: நடுத்தர விலை ரகத்தில் ஆழத்தில் மூச்சு முட்டும்.

உண்மை: ஐரோப்பாவின் ஈஎன் 250 தரச்சான்றுக்கு, 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் நிமிடத்துக்கு 62.5 லிட்டர் வீதம் இயந்திரத்தை மூச்சு விடச் செய்து சோதிக்கிறார்கள். ஒரு லிட்டர் காற்றுக்கு மூச்சுக்கான உழைப்பு 3 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். அடிப்படைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு 18 மீட்டர்தான். சான்று பெற்ற நடுத்தர ரகம் நமக்குத் தாராளம். உசந்த ரகங்கள் அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிவது மிக ஆழத்தில் கடுமையாக உழைக்கும்போது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: பேலன்ஸ்டு வகையா, இல்லையா? அன்பேலன்ஸ்டு வகையில் சிலிண்டர் காலியாகக் காலியாக இழுவை மாறும். பேலன்ஸ்டு வகையில் 200 பாரிலும் 50 பாரிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நம்மூரில் பூட்டு வாங்குகிறவர் பித்தளை மினுக்கைப் பார்த்து ஏமாறமாட்டார், உள்ளே எத்தனை லீவர் என்று கேட்பார்; இங்கேயும் அப்படியே கேளுங்கள்.

நம்பிக்கை: பிஸ்டன்தான் உசத்தி. இல்லை, டயாஃப்ரம்தான் உசத்தி.

உண்மை: ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் இரண்டு வகைகள் இவை. இரண்டு கட்சியும் பாதி சரி. ஸ்கூபாப்ரோ எம்கே25 போன்ற பிஸ்டன் வகையில் நகரும் பாகங்கள் குறைவு, காற்று தாராளமாகப் பாயும். ஆனால் பொதுவாக அதன் ஸ்பிரிங் அறைக்குள் கடல்நீர் புகும். மணலும் உப்பும் உள்ளே தங்க இடமுண்டு. ஏபெக்ஸ் போன்ற டயாஃப்ரம் வகையில் ஒரு ரப்பர் தகடு நீரை இயந்திரத்திலிருந்து பிரித்து வைக்கும். மூழ்கப் போகும் இடம் கலங்கலும் மணலுமாக இருந்தால் டயாஃப்ரத்துக்குக் கொஞ்சம் மேல்கை. மூச்சில் வேறுபாடு பிடிபடுவது அரிது.

நம்பிக்கை: டைட்டானியமும் குளிர்நீர் சீலும் இருந்தால்தான் பாதுகாப்பு.

உண்மை: ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டுவது 10 டிகிரிக்குக் கீழான நீரின் தலைவலி. தமிழகக் கடலோரத்து வெதுவெதுப்பான நீரில் அந்தப் பயம் வேண்டாம். சீல் இருந்தால் உப்பும் மணலும் புகாது, அந்த மட்டில் நல்லது. டைட்டானியம் துருப்பிடிக்காது, விமானப் பையில் எடை குறையும். ஆனால் ஆக்சிஜன் செறிவு கூடினால் டைட்டானியம் தீப்பற்றும் அபாயம் இருப்பதால், 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கலந்த காற்றுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முலாம் பூசிய பித்தளையே மேல்.

நம்பிக்கை: நல்லதாக ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை.

உண்மை: ஆண்டுக்கொரு பரிசோதனை, இரண்டு ஆண்டு அல்லது 100 டைவுக்கு ஒரு முழு சர்வீஸ் என்பது பல கம்பெனிகளின் கணக்கு. திண்டுக்கல்லில் இருந்து அதற்குச் சென்னைக்கோ கடலோர ஊருக்கோதான் அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் முன், அதற்கு இந்தியாவில் உதிரி பாகமும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் உண்டா என்று விசாரியுங்கள். நீங்கள் போகும் இடத்துச் சிலிண்டருக்கு யோக் இணைப்பா (கவ்விப் பிடிப்பது), டின் இணைப்பா (திருகி மாட்டுவது) என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கழுவுவதிலும் கவனம் வேண்டும். உப்பேறிய போர் தண்ணீரில் அலசினால், ஒரு உப்பைக் கழுவி இன்னொரு உப்பைப் படிய விடுகிறோம். ஆத்தூர் அணைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ வரும் குழாயில் பிடித்து ஊறவையுங்கள். அதற்கு முன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியை ஈரம் போகத் துடைத்து இறுக்குங்கள். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் நடுப்பொத்தானை அழுத்தவே கூடாது. வால்வு திறந்து தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே ஏறிவிடும்.

நம்பிக்கை: இந்தச் செட் இருந்தால் விஷவாயு கிணற்றிலும் இறங்கலாம்.

உண்மை: உயிரோடு விளையாட்டு இது. பாழடைந்த கிணற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். உள்ளே டீசல் இன்ஜின் ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கலாம். தீயணைப்பு வீரரின் மூச்சுக்கருவி முகம் முழுவதையும் மூடும். முகமூடிக்குள் எப்போதும் சற்றே கூடுதல் அழுத்தம் இருப்பதால் வெளிவாயு கசிந்து நுழையாது. காற்று குறைந்தால் விசில் அடிக்கும். ஸ்கூபாவில் வாயில் கவ்வும் ரப்பர் துண்டு மட்டுமே. மேலே நிற்பவரைக் கூப்பிட அதை எடுத்தால் அடுத்த மூச்சு விஷம். 101-ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: உயர்தர ரெகுலேட்டர் இருந்தால் ‘பெண்ட்ஸ்’ வராது.

உண்மை: ஆழத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாகும். அதுதான் பெண்ட்ஸ். அழுத்தத்தோடு காற்றைத் தருவதே ரெகுலேட்டரின் வேலை. கரைந்த நைட்ரஜன் மேல் அதற்கு அதிகாரம் இல்லை. ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. நம்மூர்க்காரர் மறப்பது இங்கேதான். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தமும் அநேகமாக அந்த உயரத்துக்குச் சமம்தான். காலையில் ராமேஸ்வரத்தில் மூழ்கிவிட்டு மாலையில் வத்தலக்குண்டு வழியாக மலையேறினால், உடம்புக்கு அது விமானம் ஏறியது மாதிரியே.

ஆக, வரிசை இதுதான்: பேலன்ஸ்டு, தரச்சான்று, எட்டும் தூரத்தில் சர்வீஸ், வாய்க்குப் பொருந்தும் மவுத்பீஸ். இவை அமைந்தபின் மிஞ்சும் பணத்தில் நல்லதொரு டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள். நைட்ரஜன் கணக்கைப் பார்ப்பது அதுதான்.