செம்பின் நுண்டுணிக்கைகளும் பயிர்ப் பாதுகாப்பும்

மாரிக்காலத்தில் தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் நீர் தோய்ந்தாற்போன்ற கறைகள் தோன்றி, சில நாட்களுள் தோட்டமே கருகிவிடுவதைக் கமக்காரர் அறிவர். பின்வெளிறல் எனப்படும் இந்நோயைத் தடுக்கும் பழைய மருந்து செம்பு.

பிரான்சு தேசத்துப் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் திராட்சை பறியாதிருக்கும் பொருட்டுத் தெருவோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவர். அக்கொடிகளில் மாத்திரம் இலை உதிராதிருந்ததை மில்லார்டே என்னும் தாவரவியலறிஞர் 1882இல் கண்டார். 1885இல் கலவையை வெளியிட்டார். கள்ளருக்கு வைத்த மருந்து பங்கசுக்கு எமனாயிற்று.

செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து, இலைமேல் முளைக்கும் வித்திகளைக் கொல்லும். இலைக்குட் புகுந்துவிட்ட பங்கசை அது தீண்டாது. ஆகவே நோய் காணுமுன் தெளித்தல் வேண்டும்.

கலவைக்கு, 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரிலும், 100 கிராம் புதிய சுண்ணாம்பை நீற்றி மற்றொரு 5 லீற்றரிலும் கரைக்க. மண் அல்லது பிளாத்திக்குப் பாத்திரமே ஏற்றது, இரும்பு ஆகாது. துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்குக. துலக்கிய கத்தியை அதில் அமிழ்த்தி எடுக்கையில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. மேலும் சிறிது சேர்க்காவிடில் இலை கருகும். அன்றே வடித்துத் தெளித்துவிடுக.

இக்காலத்தில் செம்பை நனோத் துணிக்கைகளாக்கியும் ஆராய்கின்றனர். இவை 1 முதல் 100 நனோமீற்றர் அளவின. மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள செப்புக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே 10 நனோமீற்றர்க் கட்டிகளாக்கினால் 600 சதுர மீற்றராகும்! இதனால் செம்பு விரைந்து கரையும். குறைந்த அளவே போதுமாகலாம். தீங்கும் அவ்வாறே விரையும். உலர்தூள் மூச்சுடன் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். மூக்கிற் கட்டிய துணி அதைத் தடுக்காது. நுண்டூசு தடுக்கும் முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இலக்கம் இல்லாத பொதியை, விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்கற்க.

எவ்வடிவிலாயினும் செம்பு மீனுக்கு நஞ்சு. தெளிகருவியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவலாகாது. நெல்லின் எரிபந்தத்திற்கு இதனை நாடவேண்டாம். நெல்லிலை செம்பினாற் கருகக்கூடும். செம்பு மண்ணில் உக்குவதுமில்லை. ஆண்டுதோறும் சேர்ந்து மண்புழுவை வருத்தும்.

மயில்துத்தத்தின் நீலநிறம் குழந்தைகளை ஈர்க்கும், கற்கண்டென வாயிலிடவுங்கூடும். பூட்டி வைக்க. எவரேனும் விழுங்கினால், பொதியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க.