துண்டு மரத்தில் ஒரு கிண்ணம்

சென்னபட்டணப் பொம்மைக்கு முழுக் கட்டையைக் கடைவார்கள். பல நிற மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை அடுக்கிக் கடையும் கிண்ணத்திற்குக் கணக்கும் வேண்டும்.

12 துண்டு வளையம் என்றால் துண்டுக்கு இரு முனை. ஆக 24 வெட்டு. 360ஐ 24ஆல் வகுத்தால் 15 டிகிரி. ஒவ்வொரு முனையையும் அந்தச் சரிவில் அறுக்க வேண்டும். ரம்பம் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால்? மொத்தம் 12 டிகிரி! வளையம் மூடாது. இடைவெளியைப் பசையால் அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கடையும்போது துண்டு தெறித்து முகத்தில் அடிக்கும்.

ஆறு ஆறு துண்டாக இரண்டு அரைவளையம் ஒட்டுங்கள். காய்ந்தபின், சமமான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் முனைகளைத் தேய்த்து நேராக்கி, இரண்டையும் இணையுங்கள். சிறு பிசகு இதிலேயே சரியாகிவிடும். வளையங்களை அடுக்கும்போது, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, மூட்டின்மேல் மூட்டு வரக்கூடாது.