கொஞ்சம் மெதுவாகச் சொல்வீர்களா?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரு துருக்கி வாக்கியத்தை உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். "மரக்காணத்துப் பொண்ணுக்குத் துருக்கி பாஷை எதுக்கு?" என்று சிரிப்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். அதுவரை தமிழ் வழியில் படித்தேன். பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பே ஆங்கிலம். கழுவெளியில் பறவைக் கூட்டம் கிளம்பின மாதிரி சத்தம் கேட்டதே தவிர, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. "எனி டவுட்?" என்று சார் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம். முதல் பருவத் தேர்வில் எனக்கு மூன்று பாடம் போச்சு. "நானும் உப்பளத்துக்கே வந்துடறேம்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் மாமாவை வரவழைத்தார்.

மாமா வளைகுடா நாட்டில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். அங்கே அவருடைய மேஸ்திரி ஒரு துருக்கிக்காரர். "நானும் ஒரு மாசம் புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன் பாப்பா. ஒருநாள் கிளாம்பை இறுக்கச் சொன்னாரு. நான் கழட்டச் சொல்றாருன்னு நெனச்சுட்டேன். மேல பலகையில ரெண்டு பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. கூட இருந்தவன் கையைப் பிடிச்சதால பொழச்சோம். அன்னிக்கு ராத்திரியே இதைக் கத்துக்கிட்டேன்" என்று ஒரு சின்ன நோட்டைக் காட்டினார். அதில் தமிழ் எழுத்தில் இருந்தது:

லுத்ஃபென் பிராஸ் தஹா யவாஷ் கொனுஷுர் முசுனுஸ்?

இனி பாடம். லுத்ஃபென் என்றால் தயவுசெய்து. பிராஸ் என்றால் கொஞ்சம். தஹா என்றால் இன்னும். யவாஷ் என்றால் மெதுவாக. கொனுஷுர் முசுனுஸ் என்றால் பேசுவீர்களா. வார்த்தைகளை வரிசை மாற்றாமல் அப்படியே அடுக்கினாலே நம் தமிழ் வாக்கியம் வந்துவிடுகிறது, பாருங்கள். ஆங்கிலத்தில் இப்படி அடுக்க முடியாது. அதில் வினைச்சொல் நடுவிலே வந்து நிற்கும்.

இதில் மரியாதை எங்கே இருக்கிறது? மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, தயவு. லுத்ஃபென் அரபியிலிருந்து துருக்கிக்குப் போன சொல். நம் 'தயவு' வடமொழியிலிருந்து வந்தது. பணிவாகக் கேட்க இரண்டு பேருமே கடன் வாங்கியிருக்கிறோம். இரண்டாவது, 'நீ' அல்ல, 'நீங்கள்'. துருக்கியில் 'சென்' என்றால் நீ, 'சிஸ்' என்றால் நீங்கள். ஒருவரிடம் பேசினாலும் மரியாதைக்குப் பன்மைதான். அதற்கான விகுதிதான் கடைசியில் வரும் 'சுனுஸ்'. மூன்றாவது, கட்டளையைக் கேள்வியாக்குவது. நாம் 'பேசுவீர்கள்' என்பதோடு 'ஆ' சேர்க்கிறோம். அவர்கள் 'மு' சேர்க்கிறார்கள். நம் 'ஆ' கடைசியில் ஒட்டும். அவர்களுடைய 'மு' விகுதிக்கு முன்னாலேயே வந்துவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த 'மு' எப்போதும் 'மு'வாகவே இருக்காது. முன்னால் வரும் உயிரோசைக்கு ஏற்ப மாறும். 'திரும்பச் சொல்வீர்களா?' என்பதற்கு 'தெக்ரார் எதெர் மிசினிஸ்?' என்பார்கள். 'எதெர்' என்பதில் எகரம் இருப்பதால் 'மு' இங்கே 'மி' ஆயிற்று. உப்பளத்துப் பெண் என்பதால் எனக்குப் பிடித்த இன்னொரு வாக்கியம்: 'துஸு உஸாத்துர் முசுனுஸ்?' துஸ் என்றால் உப்பு. சாப்பாட்டு மேசையில் 'உப்பை இப்படித் தருவீர்களா?' என்று கேட்பது இது. இங்கே 'உஸாத்துர்' என்பதன் கடைசி உகரத்தையும் 'முசுனுஸ்' என்பதில் வரும் உகரங்களையும் உதட்டைக் குவிக்காமல் சொல்லவேண்டும். 'பாட்டு', 'காசு' என்னும்போது கடைசியில் வருகிறதே, நம் குற்றியலுகரம், ஏறக்குறைய அதே ஓசைதான். 1928-இல் துருக்கியர் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது, இந்த ஓசைக்குப் புள்ளியில்லாத ஐ எழுத்தை வைத்துக்கொண்டார்கள்.

இப்படி விகுதிமேல் விகுதி ஒட்டிக்கொண்டே போகும் மொழிகளை ஒட்டுநிலை மொழிகள் என்பார்கள். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், துருக்கி முதலான மொழிகளோடு நம் மொழிக்கு உறவு உண்டு என்றே கருதினார். இன்றைய மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் சாயல் இருக்கிறது. 'மெல்ல மெல்ல' என்று நாம் இரட்டித்துச் சொல்வதை அவர்களும் 'யவாஷ் யவாஷ்' என்கிறார்கள்.

"மேஸ்திரி என்ன மாமா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"தபீன்னாரு. 'அதுக்கென்ன, தாராளமா'ன்னு அர்த்தம். கோவிச்சுக்கல. கேக்காம தப்பா செஞ்சப்பதான் கோவிச்சுக்கிட்டாரு."

அப்போது அம்மா சொன்னார்: "தலையில உப்புக் கூடையோட வரப்புமேல வரும்போது, முன்னால போறவங்க வேகமாப் போனா 'கொஞ்சம் மெதுவாப் போங்க'ன்னு சொல்றோம். அதுல என்னடி வெக்கம்?"

அடுத்த வாரம் சார் பலகையில் பீம் வரைந்து, விசை, திருப்புத்திறன் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. "சார், கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா சார்?" தமிழில்தான் கேட்டேன்.

அவர் நிறுத்தினார். "எந்த இடத்திலேர்ந்தும்மா?"

"முதல்லேர்ந்து சார்."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். ஆனால் பலகையைத் துடைத்துவிட்டு பீமை மறுபடி வரைந்தார். சிரித்தவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் நோட்டைத் திறந்தார்கள். போன மூன்று பாடங்களில் இரண்டை அடுத்த தேர்வில் முடித்தேன். மூன்றாவதை அதற்கும் அடுத்த தேர்வில் முடித்தேன்.

இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். 'மெதுவாகப் பேசு', 'மெதுவாகப் பேசுங்கள்', 'கொஞ்சம் மெதுவாகப் பேசுவீர்களா?' இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவதைக் கேட்டு யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள். நாளை முதல் வகுப்பிலேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள். துருக்கியில் கேட்கவேண்டாம், தமிழிலேயே கேளுங்கள்.

சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி