காவலுக்கு வந்த கப்பல்கள்

அன்புள்ள தங்கைக்கு,

பாடப் புத்தகத்தில் பேர்ல் ஹார்பர் என்ற பெயரைப் பார்த்து, அது எந்த ஊர் என்று கேட்டிருந்தாய். முத்துத் துறைமுகம் என்பது அதன் பொருள். ஹவாய்த் தீவுகளின் பழங்குடிகள் அந்த இடத்தை முத்து நீர் என்று அழைத்தார்கள். அங்கே முத்துச்சிப்பி விளைந்தது. தூத்துக்குடிப் பிள்ளையான உனக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்தக் கரையும் உன் கரையும் கைமாறிய விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது.

1530களில் நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றியது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் காவல் கேட்டார்கள். ஞானஸ்நானம் பெறவும் இசைந்தார்கள். கேட்ட காவல் கிடைத்தது. காவலுக்கு வந்தவர்களோ திரும்பிப் போகவில்லை. சிலாபம் என்ற முத்துக்குளிப்பு நடக்கும்போதெல்லாம் வரி கேட்டார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களைத் துரத்தினார்கள்; முத்துப்பார்களின் கணக்கு கொழும்பிலிருந்த டச்சு ஆட்சிக்குப் போனது. 1825-இல் தூத்துக்குடி நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. மூன்று கொடிகள் மாறியும், காலில் கல்லைக் கோத்து, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கியவர் உள்ளூர்க்காரர்தான்.

இனி ஹவாய்க்கு வா. 1875-இல் அந்தத் தீவு அரசு அமெரிக்காவோடு ஒரு வணிக ஒப்பந்தம் செய்தது. ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்கச் சந்தைக்குப் போகலாம் என்றார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் கொழித்தார்கள். 1887-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது முத்துத் துறைமுகத்தில் கடற்படைத் தளம் அமைக்கும் உரிமையை அமெரிக்கா கேட்டு வாங்கியது. 1893-இல் தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் ராணி லிலியுவோகலானியைக் கவிழ்த்தார்கள். அப்போது அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நின்றார்கள். 1898-இல் தீவுகளே அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன.

அதே ஆண்டு பிலிப்பைன்ஸிலும் இதே கதை நடந்தது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய அகினால்டோ, அமெரிக்கர்களைத் துணைவர்கள் என்று நம்பினார். ஜூன் 12 அன்று விடுதலையை அறிவித்தார். டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஸ்பெயின் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்து 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டது. பிலிப்பைன்ஸ் மக்களை யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. அவர்களுக்கு விடுதலை 1946-இல்தான் கிடைத்தது.

கடலை வைத்திருப்பவன் கரையையும் ஆள்வான் என்பதை நம் ஊரில் முழுசாகப் புரிந்துகொண்டவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அதனால்தான் அவர் கப்பலைத் தேர்ந்தெடுத்தார். தூத்துக்குடி - கொழும்புப் பாதையைப் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்த காலம் அது. 1906 அக்டோபரில் 10 லட்ச ரூபாய் மூலதனம் குறித்து, ஒரு பங்கு 25 ரூபாய் என்று சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

ஹவாய் அரசைக் கவிழ்த்ததற்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் மன்னிப்புக் கேட்டது. கடற்படைத் தளம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. உன் ஊர்த் துறைமுகம் 2011 முதல் வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுத்த முறை அந்த வாசலைக் கடக்கும்போது, காலியாவில் பங்கு போட்டவர்களின் 25 ரூபாயை நினைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்