காது கேட்கிறது, குரல் ஏன் தவறுகிறது?

மாணவர்களே, உங்களில் சிலர் ஏ.பி.ஆர்.எஸ்.எம். பாட்டுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த வாரியத்தின் தேர்வுக்கு நம் நாட்டில் பல பிள்ளைகள் அமர்கிறார்கள். பாடல்களை மாதக்கணக்கில் பாடிப் பழகுவார்கள். கேட்டல் சோதனையை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

படிவம் இரண்டில் படிக்கும் என் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு முதல் நிலைத் தேர்வுக்கு அமர்ந்தாள். மொத்தப் புள்ளிகள் 150. அவள் பெற்றது 117. இன்னும் மூன்று புள்ளி கிடைத்திருந்தால் ‘மெரிட்’. பாடல்களில் குறையே இல்லை. கேட்டல் சோதனையில்தான் 18-க்கு 9. அதில் தேர்ச்சிக்கு 12 வேண்டும். “டீச்சர், எனக்குப் பாட்டுக் காதே இல்லை போல. அடுத்த தேர்வு வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்” என்றாள்.

நான் இசை ஆசிரியர் இல்லை. ஆனால் ‘காது இல்லை’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று ஆயிற்றே! ஓய்வு நேரத்தில் அவளை அறிவியல் கூடத்துக்கு வரச் சொன்னேன். மடிக்கணினியில் ஒரு பியானோ செயலி, கைப்பேசியில் சுருதி சேர்க்கும் இலவசச் செயலி ஒன்று. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

படிவம் இரண்டில் ஒலி அலைகள் பாடம் படித்திருப்பீர்கள். அங்கே ‘ஃப்ரெகுவென்சி’ என்று வருவதைத்தான் தமிழில் அதிர்வெண் என்கிறோம். பியானோவின் நடு ‘சி’ சுரம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். அதை நீங்கள் பாடும்போது, உங்கள் குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு 262 முறை திறந்து மூடுகின்றன. அதற்கு அரைச் சுரம் கீழே இருப்பது 247 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் அரைச் சுரத்துக்கும் அதிர்வெண் சுமார் 6 விழுக்காடு கூடும். 12 அரைச் சுரம் ஏறினால் இரு மடங்காகிவிடும்.

முதலில் 262-ஐ ஒலிக்கவிட்டு, “இதைப் பாடு” என்றேன். பாடினாள். செயலி 247 என்று காட்டியது. அடுத்து அந்த இரண்டு சுரங்களையும் பியானோவில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, “எது உயரம்?” என்று கேட்டேன். பத்து முறையும் சரியாகச் சொன்னாள்.

அப்படியென்றால் காதில் கோளாறு இல்லை. நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குள் உயர்ந்த ஒலி நுழைவாயில் அருகிலும் தாழ்ந்த ஒலி உள் நுனியிலும் மயிரணுக்களைத் தூண்டுகிறது. எந்த இடம் தூண்டப்பட்டது என்பதை வைத்து மூளை உயரத்தை அறிகிறது. அவளுக்கு அந்த வேலை ஒழுங்காகவே நடந்தது. சுர வேறுபாட்டையே உணர முடியாத நிலை ஒன்றும் உண்டு. மொன்றியல் நகர ஆய்வாளர் இசபெல் பெரெட்ஸ் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அது மிகச் சிலருக்கே இருக்கும். மற்றவர்கள் தடுமாறுவது, கேட்ட சுரத்தை நினைவில் பிடித்துக் குரல்நாண்களுக்குச் சரியான இழுவிசையைக் கொடுப்பதில். அது தசைக்கான பயிற்சி. பூப்பந்தில் ‘சர்வீஸ்’ பழகுவது போன்றதுதான்.

முதல் நிலையின் எதிரொலிச் சோதனையைப் பாருங்கள். தேர்வாளர் சிறு வரிகளைப் பியானோவில் வாசிப்பார். நீங்கள் தாளம் தவறாமல் உடனே திருப்பிப் பாட வேண்டும். வரும் சுரங்கள் மூன்றே மூன்று. கர்நாடக இசை கற்பவர்களுக்குச் சொன்னால், சங்கராபரணத்தின் ச, ரி, க. இதில் பலர் செய்யும் தவறு, தேர்வாளர் வாசிக்கும்போதே கூடவே முனகுவது. உங்கள் ஒலி அவருடைய ஒலியை மறைத்துவிடும். வாயை மூடி, மனத்துக்குள் மட்டும் பாடுங்கள். வீட்டில் பழகும்போது ஒரு வரியைக் கேட்டபின் மூன்று விநாடி அமைதியாக இருங்கள். அந்த அமைதியில் வரி உங்கள் தலைக்குள் ஓட வேண்டும். பிறகு பாடிச் செயலியில் சரிபாருங்கள். தினமும் ஐந்து நிமிடம் செய்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. இந்தச் சோதனையில் குரலின் இனிமைக்குப் புள்ளி கிடையாது, சுரம் சரியா என்பதே கணக்கு. ‘லா’ என்று பாடலாம், முனகலாம், சீட்டியும் அடிக்கலாம். குரல் உடைந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் ஏற்பார்கள்.

ஒரு சுரம் எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கும் சோதனையும் இதே நினைவைத்தான் கேட்கிறது. வரி இரண்டு முறை ஒலிக்கும். மாற்றம் தொடக்கத்திலா, முடிவிலா என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்க விடுவார்கள், ஆனால் அது மதிப்பீட்டைப் பாதிக்கும். தாளம் தட்டுவது நம் பிள்ளைகளுக்குப் பெரிய சிரமமாக இருப்பதில்லை. வலுவான அடியைச் சற்று ஓங்கித் தட்ட மறக்காதீர்கள்.

துணைக்கருவி இல்லாமல் பாடும் பாடலுக்கு 21 புள்ளி உண்டு. அங்கேயும் குரல் மெல்ல மெல்ல இறங்கிவிடும், பாடுபவருக்கே தெரியாது. உங்கள் குரல் உங்களுக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் கொடுக்கும். பதிவில் நம் குரலைக் கேட்டு ‘இது நானா?’ என்று கூசுவது அதனால்தான். கூச்சத்தை விட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் சுரத்தின் ஹெர்ட்ஸையும், கடைசியில் அதே சுரம் வரும்போது காட்டும் ஹெர்ட்ஸையும் ஒப்பிடுங்கள்.

தேர்வன்று அறை வாசலில் நின்று மடமடவென்று தண்ணீர் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, குரல்நாண்கள் இருப்பதோ மூச்சுவழியில். உடல் முழுதும் நீர் சேர்ந்துதான் அவை ஈரமாகும். ஆகவே காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

என் மாணவி ஆறு வாரத்தில் 262-க்கு 260, 263 என்று பாடத் தொடங்கினாள். இப்போது இரண்டாம் நிலைக்குப் பதிந்திருக்கிறாள். எதிரொலி வரிகள் இம்முறை ‘ப’ வரை ஏறும். நடு ‘சி’யிலிருந்து பாடினால் 392 ஹெர்ட்ஸ். நேற்று அவள் 385-இல் நின்றாள்.