மலை நாயும் கீழ்நாட்டு வெயிலும்

வட்டவடை குளிர்ந்த ஊர். இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்குக் கிழக்கே 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே உள்ள மலை ஊர். கோவிலூர், பழத்தோட்டம், கொட்டாக்கொம்பூர், சிலந்தியாறு எல்லாம் வட்டவடைப் பஞ்சாயத்தில் உள்ளவை. உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் விளைகிற மண். சித்திரையில்கூட இரவில் போர்வை வேண்டும்.

இங்கே நாய் ஒரு வேலைக்காரன். கிழங்குக் காட்டில் பன்றி நுழைந்தால் முதலில் குரைப்பது அதுதான். மாட்டுக்குப் பின்னால் போகும். வீட்டுக்காரர் கடைக்குப் போனால் கூடவே போகும். "நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று கேலி பேசுவார்கள். மலையில் அந்தப் பழமொழி சரிப்படாது. நாய்க்கு வேலை இருக்கிறது.

ஆனால் இது குளிரில் வளர்ந்த நாய். இதைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினால் என்ன ஆகும்? போடி, தேனி, உடுமலை, எர்ணாகுளம் என்று போக வேண்டியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாய்க்கு வேர்க்குமா?

வெயிலில் வேலை செய்தால் நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அப்படி இல்லை. அதன் உடம்பு முழுக்க முடி. பாதத்தில் உள்ள மெத்தையில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். அது போதாது.

அதனால் நாய் என்ன செய்கிறது? வாயைத் திறக்கிறது. நாக்கைத் தொங்கவிடுகிறது. வேகமாக மூச்சு வாங்குகிறது. நாக்கிலும் வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் காய்கிறது. அந்த வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியே போகிறது. நாய் இளைப்பது களைப்பினால் மட்டும் அல்ல. அதுதான் அதன் விசிறி.

இந்த விசிறி எப்போது வேலை செய்யாது? காற்றே சூடாக இருந்தால் வேலை செய்யாது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலும் வேலை செய்யாது. மழைக்காலத்தில் துணி காய்வதில்லை அல்லவா? அதுபோலத்தான். எர்ணாகுளம் பக்கம் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் நாய்க்குக் கஷ்டம் குறைவதில்லை. பக் என்று சொல்லும் சப்பை மூக்கு நாய்க்கு எல்லா இடத்திலும் கஷ்டம்தான். அதற்கு மூச்சுப் பாதையே குறுகல்.

ஜீப்பில் ஏற்றும்போது கடிக்கும் என்று பயந்து சிலர் நாயின் வாயைக் கயிற்றால் கட்டுகிறார்கள். இது மிகவும் ஆபத்து. வாயைக் கட்டினால் விசிறியைக் கட்டியது போல. கழுத்துப் பட்டையும் சங்கிலியும் போதும்.

மலைக்கும் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

மலையிலிருந்து 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெப்பம் சுமார் 6 டிகிரி கூடும். போடிநாயக்கனூர் 400 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டுத் தாண்டும் வரை காற்று சிலுசிலுவென்று இருக்கும். முந்தல் வந்ததும் முகத்தில் அனல் அடிக்கும். ஒரே பயணத்தில் இத்தனை மாற்றம்.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. வெப்ப அலை என்று வானிலைத் துறை எச்சரித்தது. கோடையில் கேரளத் தொழில் துறை ஓர் உத்தரவு போடுவதுண்டு. வெட்ட வெளியில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஆனால் 3,000 அடிக்கு மேலே உள்ள, வெயில் ஆபத்து இல்லாத ஊர்களுக்கு அதில் விலக்கு உண்டு. மலை ஊர்க்காரருக்கு இந்த வெயில் பழக்கம் இல்லாததற்கு இதுவும் ஓர் அடையாளம். நாய்க்கும் அப்படித்தான். புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். ஒரு நாளில் பழகாது.

ஒரு குடும்பத்தில் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கோவிலூர்ப் பெரியவர் ஒருவர் பங்குனி மாதத்தில் போடியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறார். கூடவே நாய் மணி. பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி பகல் 12. வீடு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் நாயை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். சரி, நடந்துவிடலாம் என்று நடக்கிறார். தலையில் துண்டு. காலில் செருப்பு. மணிக்கு இரண்டும் இல்லை.

வாசலில் மகள் கேட்கிறாள்.

"என்னப்பா, இந்த வெயில்ல இதையும் நடத்தியா கூட்டிட்டு வந்தீங்க?"

"நல்லாத்தான் தாயி வந்துச்சு. வழியில ஒரு இடத்துலகூட நிக்கல."

"நாக்கைப் பாருங்கப்பா. எப்படிச் செவந்து கெடக்கு. எச்சி ஒழுகுது. காலு தள்ளாடுதே!"

பெரியவர் சொன்னதைக் கவனியுங்கள். "ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை." ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மனிதனுக்கு முடியவில்லை என்றால் உட்கார்ந்துவிடுவான். நாய் பெரும்பாலும் அப்படிச் செய்யாது. எசமான் நடந்தால் அதுவும் நடக்கும். விழுகிற வரை நடக்கும். அதனால் நிறுத்த வேண்டியவர் கயிற்றைப் பிடித்திருப்பவர்தான்.

இங்கிலாந்தில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். 2020ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வெப்ப நோய் வந்த நாய்களில் நான்கில் மூன்று நாய்களுக்கு அது நடந்ததாலும் ஓடியதாலும் வந்தது. சும்மா வெயிலில் கிடந்த நாய்கள் குறைவு. இங்கிலாந்து நம்மைவிடக் குளிர்ந்த நாடு. அங்கேயே இப்படி!

எப்போது நடத்தலாம்? எங்கே நடத்தலாம்?

நடத்தவே கூடாது என்று நினைக்க வேண்டாம். எப்போதும் கட்டிப் போட்டிருக்கும் நாயை உடையவர் நடத்தாமல் விடுவது குற்றம். 1960ஆம் ஆண்டு வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் இப்படிச் சொல்கிறது. போதிய உணவும் தண்ணீரும் தங்க இடமும் தராததும் அதே சட்டத்தில் குற்றம். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம். நாய்க்கென்று இவ்வளவு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது.

நேரம்தான் முக்கியம். கீழ்நாட்டில் கோடையில் காலை 7 மணிக்குள் நடத்தி முடிக்கலாம். மாலையில் அவசரப்பட வேண்டாம். சூரியன் இறங்கிய பிறகும் தார் ரோடு நெடுநேரம் சுடும். நடுப்பகலில் வெயில் படும் தார் ரோட்டின் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். நாயின் பாதம் வெந்து தோல் உரியும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். புறங்கையை ரோட்டில் வையுங்கள். ஒன்று முதல் ஏழு வரை எண்ணுங்கள். ஏழு வரை கை பொறுத்தால் நடத்தலாம். கையை எடுத்துவிட்டால் நாயின் காலுக்கும் அது ஆகாது. மண் பாதையும் புல்லும் மர நிழலும் இருக்கும் வழி கொஞ்சம் சுற்று வழியாக இருந்தாலும் அதில் போங்கள். கையில் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு கொட்டாங்கச்சியும் இருக்கட்டும். நாய் அதில் நன்றாகக் குடிக்கும்.

மலைக்குத் திரும்பிய பிறகு நேரக் கணக்கு வேறு. வட்டவடையில் இருட்டில் நடத்த வேண்டாம். சிறுத்தை நாயைத்தான் முதலில் தேடும்.

முடி அடர்ந்த நாய்க்கு மொட்டை அடித்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். தோலில் நேராக வெயில் படும். செத்த முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

காரும் ஜீப்பும்

மூணாற்றுக்கும் வட்டவடைக்கும் சுற்றுலா வருபவர்கள் நாயையும் காரில் கொண்டுவருகிறார்கள். குளிர்ந்த ஊர்தானே என்று காரில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். 2005இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதை அளந்து பார்த்தார்கள். வெளியே இதமாக இருந்த நாளிலும் ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் சுமார் 22 டிகிரி ஏறியது. அதில் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பயன் இல்லை. குளிர்ந்த ஊரிலும் வெயிலில் நிற்கும் கார் அடுப்புதான்.

மணிக்கு என்ன செய்யலாம்?

காய்ச்சல் பார்க்கும் கருவியில் மனிதனுக்கு 98 டிகிரி காட்டும். நாய்க்கு 101, 102 காட்டும். நாய்க்கு அது காய்ச்சல் அல்ல. 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கருவி இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூச்சு அடங்கவே அடங்காது. எச்சில் கெட்டியாக ஒழுகும். நாக்கும் ஈறும் முதலில் நன்றாகச் சிவக்கும். பிறகு நீலம் பாயும். நடை தள்ளாடும். வாந்தி வரும். சில நேரம் ரத்தமாகக் கழியும். வலிப்பு வரும்.

மகள் என்ன செய்ய வேண்டும்? முதலில் குளிர வைக்க வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரி. இந்த வரிசையை மாற்றினால் வழியிலேயே உயிர் போகலாம்.

நாயை நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதுகில் மட்டும் அல்ல, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்ற வேண்டும். தண்ணீர் மூக்கில் ஏறக் கூடாது. இன்னொருவர் முறத்தாலோ மின்விசிறியாலோ காற்று கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவானாலும் சரி. சில்லென்ற தண்ணீர் ஆகாது என்று முன்பு சொல்வார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. கிடைக்கிற தண்ணீரை உடனே ஊற்றுவதுதான் முக்கியம். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தலாம்.

ஈரச் சாக்கைப் போர்த்தி வைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் சாக்கு சூடாகும். உள்ளே சூடு அடைபடும். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். நாம் போடும் காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். இது காய்ச்சல் அல்ல. அந்த மாத்திரைகளில் சில நாய்க்கு நஞ்சு.

எழுந்து நடந்தாலும் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிறுநீரகமும் ஈரலும் கெட்டிருந்தால் உடனே வெளியில் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

வெறிநாயா?

எச்சில் ஒழுக ஒரு நாய் தள்ளாடி வருகிறது. தெருவில் என்ன சொல்வார்கள்? "வெறிநாய்! அடி!" என்பார்கள். வெயிலில் மயங்கிய நாயும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். கல்லால் அடித்தால் ஒரு பாவமும் அறியாத நாய் செத்துப்போகும். ஆனால் வெறிநோயும் உண்மைதான். வந்தால் பிழைப்பது அரிது. பார்த்த உடனே இரண்டையும் பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது. ஆகவே தெரியாத நாயைத் தொட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். மாட்டாஸ்பத்திரிக்கும் பஞ்சாயத்துக்கும் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டு நாய்கூட மயக்கத்தில் கடிக்கலாம். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் மருந்தாகாது.

எழுதிப் பாருங்கள்

ஓர் அட்டையில் உங்கள் நாயின் பெயரை எழுதுங்கள். அதன் வயதை எழுதுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் அடுத்த ஊசிக்கான தேதியையும் எழுதுங்கள். பக்கத்து மாட்டாஸ்பத்திரியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் இறங்கிப் போகும் ஊரில் உள்ள மாட்டாஸ்பத்திரியின் எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள். பயணம் போகும்போது அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும்.